போறணை விறகைப் பலட்டில் அடுக்கிக் காயவைப்பது எப்படி

விறகை வெட்டிய இடத்தில் ஏற்றுகிறோம். வளவில் இறக்குகிறோம், பரப்பிக் காயவைக்கிறோம், மழைக்கு முன் கொட்டிலுக்குள் அள்ளிப் போடுகிறோம், பிறகு போறணை வாசலுக்குச் சுமக்கிறோம். இத்தனை தடவை கைபட்ட விறகுக்குக் கூலி போட்டுப் பார்த்தால் எரிவாயு மலிவாகத் தெரியும். வன்னியில் உள்ள மல்லாவியில் பாண் போறணை வைத்திருக்கும் நான் ஒரு கட்டையை இரண்டு தடவைதான் தொடுகிறேன்: பிளந்ததும் பலட்டில் (சாமான் அடுக்கித் தூக்கும் மரத்தட்டில்) அடுக்கும்போது ஒன்று, நெருப்பில் போடும்போது மற்றது. இடையில் உள்ளதெல்லாம் சின்ன நாலுசில்லு உழவு இயந்திரத்தின் பாடு.

முதலில் பலட். சீமெந்து, ஓடு, உரம் விற்கும் கடைகளில் பழையவை கிடைக்கும். 1.2 மீற்றருக்கு 1 மீற்றர் அளவுள்ளதை வாங்குங்கள். கலப்பு அளவுகளில் வாங்கினால் அடுக்கும் வரிசை ஒருபோதும் ஒழுங்காக வராது. வெளிநாட்டுப் பலட்டின் பக்கக் கட்டையில் கோதுமைக் கதிர் முத்திரை இருக்கும். அதில் எச்.ரி. (HT) என்ற எழுத்துகள் இருந்தால் சூட்டினால் பதப்படுத்தியது. எம்.பி. (MB) என்றிருந்தால் மெதைல் புரோமைட் என்ற நச்சுப் புகை ஊட்டியது. அது உடைந்தாலும் போறணைக்குள் போடக்கூடாது. பாண் வேகும் இடம் அது.

எங்கள் ஊர் இயந்திரங்களில் முன்பக்கத் தூக்கி அரிது. ஆகவே கலப்பை மாட்டும் பின்கைகளிலேயே இரண்டு இரும்பு முள்ளுகள் கொண்ட சட்டத்தை மாட்டுகிறேன். வெல்டிங் கடையில் செய்விக்கலாம், ஆனால் தண்ணீர்க் குழாயை வெட்டி ஒட்டித் தர முன்வருபவரிடம் கொடுக்காதீர்கள். தடித்த இரும்புதான் வேண்டும். சட்டத்தின் மேல்முனையை இயந்திரத்தோடு பிணைக்கும் மேல் இணைப்புத் தண்டைச் சற்றுச் சுருக்கி, முள்ளின் நுனி கொஞ்சம் மேல்நோக்கி நிற்கும்படி வையுங்கள். பள்ளத்தில் குலுங்கும்போது பலட் பின்னால் வழுக்காது.

எடையில்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். பலட்டில் 1.2 மீற்றர் உயரத்துக்கு அடுக்கினால் இடைவெளிகள் போக ஏறத்தாழ 0.85 கன மீற்றர் மரம் இருக்கும். பச்சைக் கடின மரம் கன மீற்றருக்கு 1000 கிலோவை நெருங்கும். அதாவது 850 கிலோ, கிட்டத்தட்ட 17 அந்தர். பச்சைப் பாலை தண்ணீரில் போட்டால் தாழும் மரம். அதற்கு இந்தக் கணக்கும் போதாது. காய்ந்த சீமைக்கிளுவை அதே உயரத்துக்குப் பாதி எடையளவில் நிற்கும். எனவே உயரத்தைப் பார்த்து ஏற்றாதீர்கள், மரத்தைப் பார்த்து ஏற்றுங்கள். பாலை, வீரை என்றால் இடுப்பளவுக்கும் கீழே நிறுத்திவிடுவேன்.

இயந்திரத்தின் கையேட்டில் தூக்கும் திறன் பெரும்பாலும் இரண்டு இடங்களுக்குக் கொடுக்கப்பட்டிருக்கும்: கைகளின் நுனியில் ஒன்று, அதற்கு 61 சென்ரிமீற்றர் பின்னால் இன்னொன்று. விற்பவர் சொல்வது முதலாவதை. பலட்டின் நடு நிற்பதோ இரண்டாவது இடத்துக்குக் கிட்ட. சின்ன எண்ணையே நம்புங்கள். முன்பக்கத்தில் எடைக்கட்டிகள் மாட்டாமல் தூக்கினால் முன்சில்லு நிலத்தை விட்டு எழும்பும். சுக்கானைத் திருப்பினாலும் இயந்திரம் நேரே போகும். குளக்கட்டு, வாய்க்கால் ஏற்றம் எதிர்ப்பட்டால் ஏறும்போது பின்னோக்கி ஏறுங்கள், இறங்கும்போது முன்னோக்கி இறங்குங்கள். எப்போதும் சுமை மேட்டுப் பக்கம் நிற்க வேண்டும். சுமையை முழங்கால் உயரத்துக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். பலட் சரியாமல் பிடிக்கிறேன் என்று யாரையும் பின்னால் ஏற்றவே வேண்டாம், அது மருமகனாக இருந்தாலும். பிடிக்க ஆள் தேவைப்படும் அடுக்கை அவிழ்த்து மறுபடி அடுக்குங்கள்.

அடுக்குவதற்குக் கட்டைகளை 40 சென்ரிமீற்றர் நீளத்தில் வெட்டிப் பிளக்கிறோம். இரு ஓரங்களிலும் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்துத் தூண்போல எழுப்பிவிட்டு நடுவை நிரப்புங்கள். பழைய சில்லு ரியூபை நீளவாக்கில் கிழித்து இறுக்கிக் கட்டினால் கயிற்றை விட நல்லது. விறகு காய்ந்து சுருங்கும்போது ரியூபும் கூடவே சுருங்கிப் பிடிக்கும்.

வைகாசி முதல் ஆவணி வரை அடிக்கும் சோளகம் செலவில்லாத உலர்த்தி. அந்தக் காலத்தில் பலட்டுகளை வெளியில், ஒன்றுக்கொன்று ஒரு முழம் இடைவிட்டு, தென்மேற்குக் காற்று ஊடறுத்துப் போகும்படி வையுங்கள். மேற்பகுதியை மட்டும் தகரத்தால் மூடுங்கள். படங்கால் நாலு பக்கமும் போர்த்துபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். உள்ளே ஈரம் அவிந்து பூஞ்சணம் பிடிக்கிறது. இரண்டு கட்டைகளைத் தட்டினால் கணீரென்று ஒலித்து, வெட்டுமுகத்தில் வெடிப்புகள் தெரிந்தால் போறணைக்குத் தயார். ஐப்பசி மழை இறங்குவதற்குள் கொட்டிலுக்குள் போய்விட வேண்டும். வாடையும் மழையும் வடகிழக்கிலிருந்து வருவதால் அந்தப் பக்கத்தைக் கிடுகுத் தட்டியால் அடைத்து, தென்மேற்கைத் திறந்துவிட்டிருக்கிறேன். மழை விழுந்த பின் களிநிலத்தில் பாரத்தோடு இறங்கினால் இயந்திரத்தை இழுக்க இன்னொரு இயந்திரம் தேடவேண்டி வரும்; ஆகவே கொட்டில் வரைக்கும் கிறவல் போடுங்கள்.

பலட்டை மண்ணில் வைக்காதீர்கள். நாலு மூலையிலும் நடுவிலும் சீமெந்துக் கல் கொடுங்கள். கறையான் கல்லின்மேல் மண்குழாய் கட்டித்தான் ஏறும். குழாய் கண்ணில் பட்டதும் தட்டிவிடலாம். அதற்காகவே சுவருக்கும் பலட்டுக்கும் இடையில் ஓர் ஆள் நடக்க இடம் விடுகிறேன்.

வன்னிக்கே உரிய ஒன்றையும் சொல்ல வேண்டும். போர் முடிந்த 2009க்கு முன்பிருந்தே நிற்கும் மரங்களுக்குள் ஷெல் துண்டும் சன்னமும் புதைந்திருக்கும். வெட்டுமுகத்தில் காரணமில்லாத கருநீலக் கறை தெரிந்தால் வாளை நிறுத்துங்கள், உள்ளே இரும்பு இருக்கக்கூடும். முழு வெடிபொருள்போல் எதையாவது கண்டால் தொடாமல் விலகி, பொலிசாருக்கு அறிவியுங்கள். சிவப்பு அறிவித்தல் பலகை நிற்கும் காணிக்குள் விறகுக்காகக் கால் வைக்கவே கூடாது. அனுமதியில்லாமல் காட்டில் வெட்டுவதும் எனக்கு ஒத்துவராது. வேலிச் சீமைக்கிளுவையும் இப்பில் இப்பிலும் வெட்ட வெட்டத் தளிர்க்கின்றன.

மாரியில் கொட்டிலுக்குள் பாம்பும் நட்டுவக்காலியும் ஒதுங்கும். முள்ளைச் செருகும் முன் பலட்டை ஒரு தடியால் தட்டிவிட்டுச் சற்றுப் பொறுங்கள். போறணை வாசலில் பலட்டை இறக்கும்போது நெருப்புப் பொறி எட்டாத தூரத்தில் இறக்குங்கள். வெறுமையான பலட்டில் கழன்ற ஆணியை அன்றைக்கே அடித்து இறுக்கிவிட்டு, அடுத்த வெட்டு நடக்கும் காணிக்கு அதைத் திருப்பி அனுப்புங்கள்.