வீடு வாங்கும் பணத்தைத் திரட்டுவதும் அனுப்புவதும்: முதன்முறை வாங்குவோருக்கு

பத்திரப்பதிவு அன்று காலை 10.30 மணிக்கு எங்களுக்கு டோக்கன். 9.40-க்கு வங்கிச் செயலியில் மீதித் தொகை 8 லட்சத்தை அனுப்ப உட்கார்ந்தேன். புதிதாகச் சேர்த்த கணக்குக்கு முதல் 24 மணி நேரத்தில் அவ்வளவு பெரிய தொகை போகாது என்று திரையில் வந்து நின்றது. கிளைக்கு ஓடி, வரிசையில் நின்று படிவம் கொடுப்பதற்குள் டோக்கன் நேரம் தாண்டிவிட்டது. விற்பவரான பெரியவர் மூலப்பத்திரப் பையை மடியில் வைத்தபடி சார்பதிவாளர் அலுவலகப் பெஞ்சில் காத்திருந்தார். பதிவு மறுநாள்தான் நடந்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

முதலில் கணக்குப் போடுங்கள்

வீட்டின் விலை மட்டும் போதாது. தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். அரசு நிர்ணயித்திருக்கும் வழிகாட்டி மதிப்பு, பேசிய விலை இரண்டில் எது அதிகமோ அதன்மேல் கணக்கிடுவார்கள். 40 லட்ச ரூபாய் வீடு என்றால் இதற்கே 3.60 லட்சம் தனியாக வேண்டும். பத்திரம் எழுதும் கூலி, வழக்கறிஞர், தரகர் எல்லாம் அதற்கு மேல்.

ஒரு மாதம் முன்பே ஒரே கணக்கில் சேர்த்துவிடுங்கள்

வைப்புநிதியில் கொஞ்சம், சீட்டில் கொஞ்சம், பரஸ்பர நிதியில் கொஞ்சம் என்று நம் சேமிப்பு சிதறித்தான் கிடக்கும். பரஸ்பர நிதியை விற்றால் பணம் கைக்கு வரச் சில நாள் ஆகும். வைப்புநிதியை இடையில் முறித்தால் வட்டி குறையும். எனவே எதை எப்போது எடுப்பது என்று நாள்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். இதற்கென்று தனிக் கணக்கு ஒன்று வைத்து, அதை யுபிஐ செயலி எதிலும் இணைக்காமல் விடுவது நல்லது. அன்றாடச் செலவு நடக்கும் கணக்கில்தான் மோசடிக்காரர்களின் கை முதலில் படும். வங்கி முடங்கினால் ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் வரைதான் காப்பீடு உண்டு. ஆகவே பெருந்தொகையை அங்கே ஆண்டுக்கணக்கில் தேக்கி வைக்காமல், பதிவு நெருங்கும்போது சேர்த்துக்கொள்ளுங்கள்.

சித்தப்பா, மாமா தரும் கைமாற்றையும் கணக்கு வழியாகவே வாங்குங்கள். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. வீடு விற்பவர் வாங்கும் முன்பணத்துக்கும் இதே வரம்புதான். மீறினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம். “பாதியை ரொக்கமாகக் கொடுங்கள், பத்திரச் செலவு மிச்சம்” என்று யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். பத்திரத்தில் ஏறாத பணத்துக்கு நாளை தகராறு வந்தால் உங்கள் கையில் சாட்சி எதுவும் இருக்காது.

கணக்கு எண்ணைச் சரிபார்ப்பது

இதில் நேரம் செலவிடுங்கள். விற்பவரின் வங்கிப் புத்தகத்தை அவர் கையாலேயே வாங்கி, எண்ணை நீங்கள் வாய்விட்டுப் படிக்க, அவர் ஆமோதிக்க வேண்டும். நம் ஊர்ப் பெயர்களில் தலைப்பெழுத்து பெரிய சிக்கல். பத்திரத்தில் முன்னால் இருக்கும் எழுத்து பான் அட்டையில் அப்பா பெயராக விரிந்து பின்னால் இருக்கும். வங்கிப் புத்தகம், பத்திரம், பான் அட்டை மூன்றிலும் ஒரே ஆள்தானா என்று உறுதி செய்யுங்கள். வங்கிக் கிளையைக் காட்டும் ஐஎஃப்எஸ்சி குறியீட்டில் 11 இடங்கள். ஐந்தாவது எப்போதும் பூஜ்யம், ஆங்கில ஓ எழுத்து அல்ல. வங்கிக்கு வங்கி பணம் அனுப்பும் ஆர்டிஜிஎஸ், என்இஎஃப்டி முறைகளில் அனுப்புமுன் பெறுபவரின் பெயரைக் காட்டும் வசதியை வங்கிகள் இப்போது தருகின்றன. அதைப் பார்த்துவிட்டு, இரண்டு நாள் முன்பே 100 ரூபாய் அனுப்பி, வந்ததா என்று அவரிடமே கேளுங்கள்.

அண்ணன் தம்பிகள் சேர்ந்து விற்றால் அவரவர் பங்கு அவரவர் கணக்குக்கே போகட்டும். தரகர் கணக்குக்கு ஒரு ரூபாயும் வேண்டாம், அவருடைய கமிஷனைத் தவிர. கடைசி நேரத்தில் “கணக்கு மாறிவிட்டது, இதற்கு அனுப்புங்கள்” என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தால், அந்த எண்ணுக்குப் பேசாமல், உங்களிடம் முன்பே இருக்கும் எண்ணில் விற்பவரை அழையுங்கள்.

அனுப்புவது

முன்பணத்தை, சொத்தின்மேல் அடமானம் போன்ற பதிவுகள் உண்டா என்று காட்டும் வில்லங்கச் சான்றைப் பார்த்து, கிரய ஒப்பந்தம் எழுதும் அன்று கொடுங்கள். 2 லட்சமும் அதற்கு மேலும் என்றால் ஆர்டிஜிஎஸ். இரவு பகல் எந்நேரமும் இயங்குகிறது. ஆனால் செயலியில் உங்கள் வங்கி வைத்திருக்கும் நாள் வரம்பை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். அனுப்பியதும் வரும் யுடிஆர் எண்ணை, அதாவது அந்தப் பரிமாற்றத்தின் அடையாள எண்ணைப் பத்திரத்தில் எழுதச் சொல்லுங்கள்.

கடைசித் தவணைக்கு நான் வரைவோலையைத்தான் (டிடி) சொல்வேன். எண்ணும் தேதியும் பத்திரத்தில் முன்கூட்டியே ஏறிவிடும். விற்பவர் கையெழுத்துப் போட்டதும் அங்கேயே கையில் கொடுக்கலாம். பணம் போய்க் கையெழுத்து விழாமல் நிற்கும் அபாயம் இதில் இல்லை.

வீடு 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் 1 சதவீதம் வரியை நீங்களே பிடித்தம் செய்து வருமான வரித் துறைக்குக் கட்ட வேண்டும். 60 லட்சத்துக்கு 60,000 ரூபாய். விற்பவரிடம் இதை முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். பதிவு நாளில் சொன்னால் சண்டைதான் வரும்.

மோசடி என்று தெரிந்தால் தயங்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள், வங்கிக்கும் தெரிவியுங்கள். வங்கி அறிக்கையில் இந்தப் பணம் போனதைக் காட்டும் பக்கங்களையும் வரைவோலை நகலையும் பத்திரத்தோடு ஒரே உறையில் போட்டு வையுங்கள். பல ஆண்டு கழித்து வீட்டை விற்கும்போது ஆடிட்டர் முதலில் கேட்பது அந்தத் தாள்களைத்தான்.