வருடாந்தக் கட்டணம் உள்ள பயண அட்டை மலையகத்தாருக்குக் கட்டுப்படியாகுமா? கணக்குப் பார்க்கும் முறை

ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை, பதுளை போன்ற நகரங்களில், நிரந்தரச் சம்பளம் பெறும் ஆசிரியருக்கும் தோட்ட உத்தியோகத்தருக்கும், கணக்கில் ஓரளவு பணப் புழக்கம் உள்ள மரக்கறி வியாபாரிக்கும் விடுதி உரிமையாளருக்கும், சாதாரணக் கடனட்டையைவிட ஒரு படி மேலான அட்டையை வங்கி முகவர்கள் எடுத்துக் காட்டுவதுண்டு. விமான நிலைய லவுஞ்ச் (உணவும் இருக்கையும் உள்ள ஓய்வறை), பயணக் காப்புறுதி, மைல்கள் (செலவுக்கேற்பச் சேர்ந்து, விமானப் பயணச்சீட்டுக்குப் பயன்படும் புள்ளிகள்) என்ற சலுகைகளுடன் ‘முதல் வருடம் இலவசம்’ என்பது பெரிய எழுத்தில் இருக்கும். இரண்டாவது வருடக் கட்டணம் கணக்குக்கூற்றில் வந்து விழுந்த பின்னரே பலர் கணக்குப் பார்க்கத் தொடங்குகின்றனர். விண்ணப்பப் படிவத்தில் கையொப்பம் இடுவதற்கு முன்னரே அந்தக் கணக்கைப் பார்ப்பது எப்படி என்பதையே இங்கு விளக்குகிறேன்.

முதலில், கையில் தரப்படும் அட்டை எந்த வகையைச் சேர்ந்தது என்று கேட்டறிய வேண்டும். 1950 இல் தொடங்கிய டைனர்ஸ் கிளப் அட்டையும், 1958 இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனம் வெளியிட்ட முதல் அட்டையும் சார்ஜ் கார்ட் வகையைச் சேர்ந்தவை. அவற்றில் மாதச் செலவு முழுவதையும் கணக்குக்கூற்று வந்ததும் செலுத்திவிட வேண்டும், மிகுதியை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டு வட்டி கட்டும் வசதி கிடையாது. இலங்கையில் ‘பயண அட்டை’ என்ற பெயரில் வழங்கப்படுபவற்றுள் பெரும்பாலானவை அப்படிப்பட்டவை அல்ல. சிக்னேச்சர், இன்ஃபினிட், வேர்ல்ட், பிளாட்டினம் என்று எந்தப் பெயரைத் தாங்கியிருந்தாலும் அவை குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவிட்டுக் கடனைச் சுமக்க இடந்தரும் கடனட்டைகளே. இந்த வேறுபாடு கட்டணக் கணக்கையே புரட்டிப் போடக்கூடியது என்பதைப் பின்னர் பார்ப்போம்.

இணையத்தில் இந்த அட்டைகளைப் புகழும் காணொளிகளில் பல அமெரிக்காவில் வாழ்வோருக்காகச் செய்யப்பட்டவை. அங்கு அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் பிளாட்டினம் அட்டையின் வருடக் கட்டணம் 2025 இல் 695 டொலரிலிருந்து 895 டொலராக உயர்ந்தது. சேஸ் சஃபயர் ரிசேர்வ் அட்டையின் கட்டணம் அதே ஆண்டில் 550 டொலரிலிருந்து 795 டொலராயிற்று. டொலருக்கு 300 ரூபா என்று வைத்தால், 895 டொலர் என்பது இரண்டரை இலட்சம் ரூபாவைத் தாண்டுகிறது. அவ்வளவு கொடுத்தும் லாபம் என்று அவர்கள் வாதிடுவது, ஊபர் பயணத்துக்கு மாதந்தோறும் கழிவு, குறிப்பிட்ட கடைகளில் கழிவு, விமான நிறுவனச் சில்லறைக் கட்டணங்களுக்குக் கழிவு என்று அந்த நாட்டுக்குள் செல்லுபடியாகும் சலுகைகளை ஒன்றின்மேல் ஒன்றாகக் கூட்டித்தான். அந்த ஊபர் கழிவு அமெரிக்காவுக்கு வெளியே பயன்படாது. தலவாக்கலையில் இருக்கும் ஒருவர் அந்தக் காணொளியின் கூட்டுத்தொகையைத் தன் அட்டைக்குப் பொருத்திப் பார்ப்பதில் எந்தப் பொருளும் இல்லை. இலங்கையில் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் அட்டைகளை வழங்கும் நேஷன்ஸ் டிரஸ்ட் வங்கி உட்பட, ஒவ்வொரு வங்கியும் தன் கட்டணப் பட்டியலையும் நிபந்தனைகளையும் தானே வகுக்கிறது. பார்க்க வேண்டியவை அவை மட்டுமே.

சலுகையின் விலையை எப்படி மதிப்பிடுவது

கொழுந்து நிறுக்கும்போது தராசு காட்டும் கிலோ வேறு, கழிவு போக செக்ரோலில் (தோட்டத்தின் சம்பளப் பதிவேட்டில்) பதிவாகும் கிலோ வேறு என்பதை மலையகத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அட்டையின் விளம்பரத்தில் உள்ள பெறுமதி தராசின் கிலோ. அட்டை இல்லாவிட்டாலும் உங்கள் பணப்பையிலிருந்து நிச்சயமாகச் செலவாகியிருக்கும் தொகையை மட்டுமே சலுகையின் உண்மைப் பெறுமதியாகப் பதிய வேண்டும்.

லவுஞ்ச் சலுகையை எடுத்துக்கொள்வோம். பல விமான நிலைய லவுஞ்ச்களுக்குள் செல்ல இடந்தரும் பிரயோரிட்டி பாஸ் உறுப்புரிமையில் ஒரு தடவை உள்ளே செல்வதற்கு அண்மைய ஆண்டுகளில் 35 டொலர் அளவில் அறவிடப்பட்டு வந்தது; ரூபாவில் பத்தாயிரத்துக்கு மேல். வங்கி முகவர் அந்தத் தொகையையே பெறுமதியாகச் சொல்வார். ஆனால் திருச்சிக்குச் சுமார் ஒரு மணித்தியாலம் பறக்கவிருக்கும் குடும்பம், அதற்கு முன் பத்தாயிரம் ரூபா கொடுத்துச் சோறும் தேநீரும் அருந்துமா? அருந்தாது. விமான நிலையக் கடையில் இரண்டு பணிஸும் தேநீரும் வாங்கச் செலவாகும் தொகையே அவர்களுக்கு அந்தச் சலுகையின் பெறுமதி. அட்டை வைத்திருப்பவர் மட்டுமே இலவசமாக உள்ளே போக முடியும், மனைவி பிள்ளைகளுக்குப் பணம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை இருந்தால், அந்தப் பெறுமதியும் பூச்சியமாகிவிடும். குடும்பத்தை வெளியே இருத்திவிட்டுத் தனியே போய்ச் சாப்பிடுபவரை நான் எண்ணிப் பார்க்கவில்லை.

மலையகப் பயணிக்கு மட்டும் உரிய ஒரு சிக்கலும் இதில் இருக்கிறது. மண்சரிவு, பனிமூட்டம், கண்டிப் பாதையின் நெரிசல் ஆகியவற்றுக்கு அஞ்சி நாம் கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு மிக முன்கூட்டியே போய்ச் சேருகிறோம். பதுளையிலிருந்து அதிகாலை விமானத்துக்குப் புறப்படுபவர் முதல் நாள் மாலையே வேனில் ஏறிவிடுவார். ஆகவே லவுஞ்ச் நமக்குத்தான் மிகவும் தேவை என்று தோன்றும். ஆனால் பயணப் பொதிகளை ஏற்கும் கருமபீடம் பெரும்பாலும் விமானம் புறப்படுவதற்குச் சுமார் மூன்று மணித்தியாலங்களுக்கு முன்னர்தான் திறக்கும். லவுஞ்ச்களோ குடிவரவுச் சோதனையைத் தாண்டிய பிறகே இருக்கின்றன. நம்முடைய நீண்ட காத்திருப்பு அதற்கு வெளியே, மண்டபத்துக் கதிரையில் கழிகிறது. திரும்பி வரும்போது நள்ளிரவில் இறங்கி விடியும்வரை காத்திருப்பவருக்கும் புறப்பாட்டு லவுஞ்ச் உதவாது. இரண்டு விமானங்களுக்கிடையே டோஹாவிலோ துபாயிலோ ஆறு, ஏழு மணித்தியாலம் இருக்க வேண்டிய நீண்ட பயணம் போகிறவருக்குத்தான் இந்தச் சலுகை உண்மையில் காசு.

இந்தச் சலுகைகள் நிலையானவையும் அல்ல. 2021 இல் பிளாஸா பிரீமியம் லவுஞ்ச்கள் பிரயோரிட்டி பாஸிலிருந்து விலகின. 2023 இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனம் தன் சென்ச்சூரியன் லவுஞ்ச்களில் விருந்தினருக்கான இலவச அனுமதியைப் பெருமளவு குறைத்தது. விண்ணப்பித்த நாளில் இருந்த சலுகைப் பட்டியல் அடுத்த வருடமும் அப்படியே இருக்கும் என்று கருதிக் கணக்குப் போட வேண்டாம்.

காப்புறுதி: எவர் பணம் கட்டினார் என்பதே கேள்வி

அட்டையுடன் வரும் பயணக் காப்புறுதி, பெரும்பாலான வங்கிகளில் விமானப் பயணச்சீட்டின் முழுத் தொகையையும் அதே அட்டையால் செலுத்தியிருந்தால் மட்டுமே உயிர்பெறும். நம் பகுதியிலிருந்து சபரிமலைக்கோ, பழனிக்கோ, வேளாங்கண்ணிக்கோ போகும் பலர் குழுப் பயணமாகவே போகின்றனர். குருசாமியிடமோ பயண முகவரிடமோ தவணை தவணையாகக் காசாகக் கொடுத்து, அவர் மொத்தமாகப் பயணச்சீட்டு எடுக்கிறார். அத்தகைய பயணத்தில் உங்கள் அட்டை சட்டைப்பையில் இருந்தாலும் காப்புறுதி இல்லை, மைல்களும் இல்லை. வைத்தியத்துக்காகச் சென்னைக்கோ மதுரைக்கோ போகிறவர்களும் கவனிக்க வேண்டும்: திட்டமிட்டுச் செய்துகொள்ளும் சிகிச்சைக்கும், ஏற்கனவே இருந்த நோய்க்கும் பயணக் காப்புறுதி பொதுவாகப் பணம் தருவதில்லை. பெற்றோரை அழைத்துச் செல்வதாயின் வயது எல்லையையும் பார்க்க வேண்டும்.

ஐரோப்பாவுக்கு ஷெங்கன் விசா கேட்பவருக்கு நிலைமை வேறு. அங்கு குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்புறுதி கட்டாயம். அட்டையின் காப்புறுதி அந்த அளவை எட்டுகிறதா, தூதரகம் ஏற்கும் விதத்தில் பெயர் குறிப்பிட்ட சான்றிதழை வங்கி தருகிறதா என்று எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். தருமானால், தனியாக வாங்கியிருக்க வேண்டிய காப்புறுதியின் விலையை முழுமையாக லாபப் பக்கத்தில் எழுதலாம்.

மைல்களின் கணக்கு

ஓர் எடுத்துக்காட்டு போதும். வருடக் கட்டணம் 30,000 ரூபா, 200 ரூபா செலவுக்கு ஒரு மைல், ஒரு மைலின் பெறுமதி இரண்டு ரூபா என்று கொள்வோம். மாதம் 150,000 ரூபாவை அட்டையில் செலவிடுபவர் வருடத்தில் 18 இலட்சம் ரூபா செலவிட்டு 9,000 மைல்கள், அதாவது 18,000 ரூபா பெறுமதி பெறுகிறார். இங்கேயே பலர் கணக்கை நிறுத்திவிடுகின்றனர். கட்டணமே இல்லாத சாதாரண அட்டை அரை வீதம் பணமாகத் திருப்பித் தருமானால், அதே செலவுக்கு 9,000 ரூபா எப்படியும் கிடைத்திருக்கும். ஆகவே உயர்தர அட்டையால் கூடுதலாகக் கிடைத்தது 9,000 ரூபாவே. 30,000 ரூபாவுக்கு இன்னும் 21,000 ரூபா குறைகிறது. அந்தக் குறையை லவுஞ்சும் காப்புறுதியும் நிரப்புமா என்பதுதான் கேள்வி.

மாதம் 150,000 ரூபாவை அட்டையில் செலவிடுவதே நம் ஊர்களில் எளிதல்ல என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சுப்பர் மார்க்கெட், எரிபொருள், மருந்தகம் ஆகியவற்றில் அட்டை செல்லும். ஞாயிற்றுச் சந்தையிலும் சில்லறைக் கடையிலும் ஓட்டோவிலும் காசுதான். சில கடைகளில் அட்டை கொடுத்தால் இரண்டு, மூன்று வீதம் கூடுதலாகக் கேட்பார்கள். அது வணிகர் வங்கியுடன் செய்துகொண்ட உடன்பாட்டுக்கு முரணானது, மறுக்கலாம். மறுக்கக் கூச்சமாக இருந்தால் காசைக் கொடுத்துவிடுங்கள், ஏனெனில் ஒரு வீத மைலுக்காக மூன்று வீதம் கொடுப்பது வெறும் நட்டம்.

ஸ்ரீலங்கன் விமான சேவை 2014 மே மாதத்தில் ஒன்வேர்ல்ட் என்ற விமான நிறுவனக் கூட்டணியில் இணைந்ததால், அதன் மைல் திட்டமான ஃபிளைஸ்மைல்ஸின் மைல்களைக் கட்டார் ஏர்வேஸ் போன்ற கூட்டாளி நிறுவனங்களிலும் பயன்படுத்த முடிகிறது. நீண்ட தூரப் பயணத்தில் அவற்றின் பெறுமதி கூடும். திருச்சி, சென்னை போன்ற குறுகிய பயணத்தில், மைல் கொடுத்து எடுத்த இருக்கைக்கும் வரியையும் மேலதிகக் கட்டணங்களையும் காசாகவே கட்ட வேண்டியிருப்பதால், மிச்சமாவது மிகக் குறைவாகவே இருக்கும். மலிவுப் பயணச்சீட்டின் விலையுடன் ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே மைலைச் செலவிடுங்கள்.

கழிக்க வேண்டியவை

வெளிநாட்டு நாணயத்தில் செலவிடும்போது வங்கி தன் மாற்று விகிதத்துக்கு மேல் ஒரு வீதத்தைச் சேர்க்கும். அரசின் முத்திரைத் தீர்வை சேருமா, எவ்வளவு என்பதும் கட்டணப் பட்டியலில் இருக்கும். இரண்டும் சேர்ந்து மூன்று வீதமானால், இந்தியாவில் செலவிட்ட 250,000 ரூபாவுக்கு 7,500 ரூபா போய்விடும். நாணய மாற்றுநரிடம் காசை மாற்றினாலும் நட்டம் உண்டு. இரண்டின் வித்தியாசத்தை மட்டும் எழுதுங்கள். அங்குள்ள கடையில் ‘இலங்கை ரூபாவில் கழிக்கட்டுமா’ என்று இயந்திரம் கேட்டால், அந்த நாட்டு நாணயத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லையேல் அந்தக் கடையின் சேவை நிறுவனம் தனக்கு வாய்ப்பான விகிதத்தைப் போட்டுக்கொள்ளும்.

வட்டிதான் எல்லாவற்றையும் விழுங்குவது. 2023 ஆகஸ்டில் மத்திய வங்கி கடனட்டை வட்டிக்கு 28 வீத உச்ச வரம்பை விதித்தது. அந்த வீதத்தில் 200,000 ரூபா மிகுதியை ஒரு மாதம் சுமந்தால் சுமார் 4,667 ரூபா வட்டி. அவ்வாறு இரண்டு மாதம் நடந்தால், மேலே வருடம் முழுவதும் சேர்த்த கூடுதல் 9,000 ரூபாவும் கரைந்துவிடும். தைப்பொங்கல், தீபாவளி, பிள்ளையின் பாடசாலை அனுமதி என்று வருடத்தில் ஓரிரு மாதமேனும் முழுத் தொகையையும் கட்ட முடியாமற்போகும் வீட்டுக்கு, எந்தப் பயண அட்டையும் வேண்டாம் என்பதே என் கருத்து. முழுவதையும் கட்டியே ஆக வேண்டும் என்று நெருக்கும் சார்ஜ் கார்ட், அந்த வகையில் கடனட்டையைவிட நேர்மையானது.

எவர் வாங்கலாம்

வருடத்துக்கு ஓரிரு தடவை இந்தியாவுக்குப் போய்வரும் குடும்பத்துக்குக் கட்டணம் மீளாது. கட்டணமற்ற அட்டையும், தேவைப்படும்போது தனியாக வாங்கும் காப்புறுதியும் போதும். தேயிலை ஏற்றுமதி நிறுவனத்திலோ சுற்றுலாத் துறையிலோ இருந்து வருடத்தில் நான்கு, ஐந்து தடவை நீண்ட பயணம் போகிறவர், பயணச்சீட்டைத் தன் அட்டையில் எடுத்து நிறுவனத்திடம் பணத்தைத் திரும்பப் பெறுகிறவராயின், தாராளமாக எடுக்கலாம். இடைப்பட்டோர் வங்கியிடம் ஒரே கேள்வியைக் கேட்க வேண்டும்: வருடத்தில் எவ்வளவு செலவிட்டால் கட்டணம் தள்ளுபடியாகும்? அந்த அளவை வழக்கமான செலவே எட்டுமானால் எடுங்கள். எட்டுவதற்காகப் பொருள் வாங்க வேண்டியிருந்தால் விட்டுவிடுங்கள்.

ஏற்கனவே அட்டை வைத்திருப்பவர், கட்டணம் பதியப்படுவதற்கு ஒரு மாதத்துக்கு முன் வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்து, தள்ளுபடி இல்லையேல் அட்டையை நிறுத்தப்போவதாகச் சொல்ல வேண்டும். பல வேளைகளில் முழுத் தள்ளுபடியோ பாதித் தள்ளுபடியோ கிடைக்கும். கிடைக்காவிட்டால், சேர்ந்துள்ள புள்ளிகளை முதலில் விமான நிறுவனக் கணக்குக்கு மாற்றி, தொலைபேசிக் கட்டணம் போன்ற தன்னியக்கக் கொடுப்பனவுகளை வேறு அட்டைக்கு நகர்த்தி, மிகுதியைக் கட்டிவிட்டு, நிறுத்தற் கடிதத்தைக் கிளையில் கொடுத்து, கணக்கு மூடப்பட்டதற்கான எழுத்துமூல உறுதியைப் பெற்றுக்கொள்ள வேண்டும்.