மார்பகப் புற்றுநோய்: எல்.டி.எச்., ஏ.எல்.பி. ரத்தப் பரிசோதனைக்குக் கொடுக்கும் முறை

மார்பக அறுவைக்குத் தேதி குறித்ததும் ரத்தத்தில் எல்.டி.எச். (லாக்டேட் டிஹைட்ரஜனேஸ்), ஏ.எல்.பி. (அல்கலைன் பாஸ்பட்டேஸ்) என்ற இரண்டு நொதிகளின் அளவையும் ஒருமுறை எடுத்து வையுங்கள். பின்னால் வரும் எண்களை எதனோடு ஒப்பிடுவது? இதனோடுதான். புற்றுநோய் இருக்கிறதா என்பதை இந்த நொதிகள் சொல்லாது, அதற்கு பயாப்ஸி (திசுவை எடுத்துப் பார்க்கும் பரிசோதனை) வேண்டும். எலும்புக்கோ கல்லீரலுக்கோ பரவியிருக்குமோ என்ற சந்தேகத்தைத்தான் இவை எழுப்பும்.

பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கும் பெண்கள், ரத்தம் கொடுக்க இரண்டு மூன்று நாள் முன்பே கடலில் இறங்குவதை நிறுத்துங்கள். தசை களைத்தாலே எல்.டி.எச். ஏறிவிடும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீர் மட்டும் போதும்.

ரத்தம் சிவப்பு அல்லது மஞ்சள் மூடி டியூப்பில் போக வேண்டும். ஊதா மூடி டியூப்பில் உள்ள ஈ.டி.டி.ஏ. என்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து, ஏ.எல்.பி. வேலை செய்யத் தேவையான துத்தநாகத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொள்ளும். அளவு பொய்யாக இறங்கும்.

தவறு அதிகம் நடப்பது ரத்தம் லேபுக்குப் போகும் வழியில்தான். சிவப்பணுவுக்குள் எல்.டி.எச். ஏராளம். டியூப்பைக் குலுக்கினால் அணு உடைந்து அத்தனையும் சீரத்தில் (ரத்தம் உறைந்த பின் பிரியும் தெளிந்த நீரில்) கொட்டும். அதனால் தொண்டியிலோ ஏர்வாடியிலோ எடுத்த ரத்தத்தை அப்படியே பஸ்ஸில் ராமநாதபுரத்துக்கு அனுப்பவே கூடாது. அரை மணி நேரம் உறையவிட்டு, அங்கேயே மெஷினில் சுற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் சீரத்தைப் பிரித்த பிறகு அனுப்பச் சொல்லுங்கள். மீன் பெட்டி ஐஸில் புதைத்துக் கொண்டுபோவது இன்னும் மோசம், குளிரில் எல்.டி.எச்.சின் ஒரு பகுதி கெட்டும் போகும். நல்ல சீரம் இளமஞ்சளாக இருக்கும். ரோஸ் நிறம் தட்டினால் அந்த எண்ணை நம்பாதீர்கள், மறுபடி கொடுங்கள்.

அறுவைக் காயமே நொதியை ஏற்றும் என்பதால் அறுவை முடிந்து 4 முதல் 6 வாரம் பொறுத்துக் கொடுப்பது நல்லது. அக்குளில் நிணநீர்க் கணு எடுத்த பக்கத்துக் கையை விட்டு மறு கையை நீட்டுங்கள். கீமோவில் வெள்ளையணு ஏற ஃபில்கிராஸ்டிம் ஊசி போட்டிருந்தால் இரண்டு எண்ணும் உயரும். ஊசி போட்ட தேதியைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

ஏ.எல்.பி. மட்டும் ஏறினால் ஜி.ஜி.டி. என்ற இன்னொரு கல்லீரல் நொதியையும் பார்க்க வேண்டும். அதுவும் ஏறியிருந்தால் கல்லீரல் பக்கம், சரியாக இருந்தால் எலும்புப் பக்கம் தேடுவார்கள். வைட்டமின் டி குறைவு, ஆறும் எலும்பு முறிவு இவற்றாலும் ஏ.எல்.பி. ஏறும் என்பதால் உடனே பயந்துவிட வேண்டாம்.

லேபுக்கு லேப் அளவு மாறும், கடைசிவரை ஒரே லேபில் கொடுங்கள். முதுகெலும்பில் விடாத புது வலியோ, மூச்சு வாங்கலோ வந்தால், ரிப்போர்ட் சரியாக இருந்தாலும் அடுத்த பரிசோதனைவரை காத்திராமல் மருத்துவரிடம் போங்கள்.