கொயோட்டி எதிரே வந்தால் முதுகைக் காட்டாதீர்கள்

கொயோட்டி வட அமெரிக்காவில் வாழும் ஒரு காட்டு நாயினம். அது மனிதர்களைத் தாக்குவது அபூர்வம். அதன் தாக்குதலில் உயிர் போனதாக வட அமெரிக்காவில் பதிவானவை இரண்டே சம்பவங்கள்தான். 1981இல் கலிபோர்னியாவின் கிளெண்டேலில் 3 வயதுக் குழந்தை. 2009 அக்டோபரில் கனடாவின் கேப் பிரெட்டன் ஹைலண்ட்ஸ் தேசியப் பூங்காவில் தனியாக நடந்து சென்ற 19 வயதுப் பெண். கடிபட்டவர்கள் இதைவிட மிக அதிகம். கனடாவின் வான்கூவர் நகரிலுள்ள ஸ்டான்லி பூங்காவில் 2020 டிசம்பருக்கும் 2021 ஆகஸ்டுக்கும் இடையில் மட்டும் 40 பேருக்கு மேல் தாக்கப்பட்டார்கள். கடைசியில் பூங்காவை இரவு நேரங்களில் மூட வேண்டி வந்தது.

பார்ப்பதற்கு நடுத்தர நாய் போல இருக்கும். பெரும்பாலும் 9 முதல் 20 கிலோ. வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிகளில் இன்னும் பெரிது. கூர்மையான முகம், நிமிர்ந்த பெரிய காதுகள், அடர்ந்த வால். ஓடும்போது வாலைத் தாழ்த்தியே வைத்திருக்கும். பகலில் கண்ணில் படுவதாலேயே அதற்கு வெறிநோய் என்று முடிவுகட்ட வேண்டாம், பகலிலும் அது இரை தேடும். உங்களைக் கண்டதும் விலகிப் போகிறதா, நின்று பார்க்கிறதா, பின்னாலேயே வருகிறதா என்பதைக் கவனியுங்கள். பின்தொடரும் கொயோட்டியும், பையையோ கையையோ பார்த்து நெருங்கி வரும் கொயோட்டியும் பயம் விட்டுப்போனவை.

பயம் விட்டுப்போவதற்குப் பெரும்பாலும் காரணம் மனிதர் தரும் தீனி. வேண்டுமென்றே போட்டாலும் ஒன்றுதான், கவனக்குறைவாக விட்டுவைத்தாலும் ஒன்றுதான். செல்லப்பிராணியின் உணவை இரவில் வெளியே வைக்காதீர்கள். மரத்தடியில் விழுந்த பழங்களை அன்றன்றே பொறுக்குங்கள். குப்பைத் தொட்டியை வண்டி வரும் நாள் காலையில் மட்டும் வெளியே வையுங்கள். பறவைகளுக்கு வைக்கும் தானியம் பலருக்குத் தோன்றாத ஒன்று: சிந்தும் மணிகளைத் தேடி எலி வரும், எலியைத் தேடி கொயோட்டி வரும். வேலி போடுவதானால் 6 அடி உயரம் வேண்டும்; அடியில் தோண்டி நுழையாதபடி கம்பிவலையை ஓர் அடி ஆழத்துக்காவது புதையுங்கள். ஆனால், தீனி இல்லாத இடத்தில் ஆபத்தே இல்லை என்றும் நினைத்துவிடாதீர்கள். கேப் பிரெட்டன் கொயோட்டிகள் மனித உணவுக்குப் பழகியவை அல்ல, மூஸ் மான்களையே பெரிதும் தின்று வாழ்ந்தவை என்று பின்னால் வந்த ஆய்வு காட்டியது.

நடைபாதைக்குப் போகும்போது ஒரு விசில், உறுதியான ஒரு கைத்தடி, காற்று ஹாரன் இருந்தால் நல்லது. கரடியை விரட்டும் மிளகாய்க் காரமுள்ள கரடி ஸ்பிரே எடுத்துச் செல்பவர்கள் இடுப்பிலேயே மாட்டிக்கொள்ளுங்கள். பைக்குள் கிடக்கும் ஸ்பிரேயை அவசரத்தில் எடுக்க முடியாது; எதிர்க்காற்றில் அடித்தால் உங்கள் கண்ணில்தான் படும். இரண்டு காதிலும் ஹெட்போன் வேண்டாம். நாய்க்கு 6 அடிக்கு மேற்படாத சாதாரண வார் போதும். இழுக்க இழுக்க நீளும் வார் இங்கே ஆபத்து: நாய் 15 அடி முன்னால் போய்விட்டால் உங்களால் அதைக் காக்க முடியாது.

எதிரே வந்துவிட்டால் ஓடாதீர்கள். அது மணிக்கு 60 கிலோமீட்டர் வரை ஓடக்கூடியது. ஓடுகிற எதையும் துரத்தத் தோன்றும் பிராணி. அதையே பார்த்தபடி நில்லுங்கள். குழந்தையைத் தூக்கும்போதுதான் பலரும் தவறுகிறார்கள்: திரும்பி, குனிந்து, கண்ணை எடுத்துவிடுகிறார்கள். பார்வை கொயோட்டியின் மேலேயே இருக்க, முழங்காலை மட்டும் மடக்கி, ஒரு கையால் குழந்தையை உடலோடு அணைத்து எழுந்திருங்கள். சிறிய நாயையும் இப்படியே தூக்குங்கள்.

பிறகு கைகளை உயர்த்தி, ஜாக்கெட்டை விரித்து, அடித்தொண்டையிலிருந்து கத்துங்கள். அதன் காலருகே மண்ணில் விழும்படி கல்லையோ குச்சியையோ எறியுங்கள். அது தப்பிக்க வழி இருக்கட்டும், மூலையில் மடக்காதீர்கள். சில அடி ஓடி நின்று திரும்பிப் பார்க்கும். "போய்விட்டது" என்று அங்கே நிறுத்திவிட்டால், மனிதன் சும்மா கத்துவான் என்று அது கற்றுக்கொள்ளும். கண்ணுக்கு மறையும்வரை விடாதீர்கள். வீட்டு ஜன்னலிலிருந்தோ காருக்குள்ளிருந்தோ விரட்டினால், சத்தம் மனிதனிடமிருந்து வருவது அதற்குப் புரியாது.

வசந்தத்திலும் கோடையிலும் இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. ஏப்ரல், மே வாக்கில் குட்டி போடும். குட்டிகள் இருக்கும் வளைக்குப் பக்கத்தில் போய்விட்டால், தாயோ தகப்பனோ உறுமியபடி உங்கள் கூடவே வந்து எல்லை தாண்டும்வரை அனுப்பிவைக்கும். அங்கே விரட்டினால் எதிர்த்து நிற்கும். அதைப் பார்த்தபடியே பின்வாங்கி, வந்த வழியே வெளியேறுங்கள்.

மீறிப் பாய்ந்துவிட்டால் எதிர்த்துப் போராடுங்கள். கீழே விழாமலிருக்கப் பாருங்கள், விழுந்தால் கழுத்தைக் காத்துக்கொண்டு உடனே எழுங்கள். கைத்தடி, பை, கல், எது கிடைத்தாலும் அடிக்கலாம். ஆட்கள் இருக்கும் பக்கமாக நகருங்கள்.

கடி சிறிய கீறலாக இருந்தாலும் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரிடம் போங்கள். வெறிநோய்க்கு அறிகுறி தெரிந்த பிறகு மருத்துவத்தால் பெரும்பாலும் காப்பாற்ற முடியாது. முன்பு தடுப்பூசி போடாதவர்களுக்குக் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் (நோயை எதிர்க்கும் தயார்நிலை எதிர்ப்புப் புரதம்), 0, 3, 7, 14ஆம் நாள்களில் தடுப்பூசியும் போடுவது வழக்கம். இடம், நேரம், விலங்கின் காதில் அடையாள அட்டை இருந்ததா என்பதைக் குறித்துக்கொண்டு, அமெரிக்கா, கனடாவின் அவசர உதவி எண்ணான 911க்கோ உள்ளூர் விலங்குக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்கோ சொல்லுங்கள். அதே பாதையில் அடுத்து வருபவர் ஒரு குழந்தையோடு வரலாம்.