ஏப்ரலில் அமரில்லோ போகிறவர்களுக்கு

டெக்சாஸில் அமரில்லோ நகருக்கு மேற்கே, ஐ-40 நெடுஞ்சாலை ஓரத்து வயலில் பத்து காடிலாக் கார்கள் மூக்கு மண்ணில் புதைந்து, வால் வானத்தைப் பார்க்க நிற்கின்றன. 1974-இல் ஆன்ட் ஃபார்ம் என்ற கலைஞர் குழு புதைத்தது. காசும் நிலமும் கொடுத்தவர் ஸ்டான்லி மார்ஷ். போகிறவர்கள் எல்லாரும் அதன்மேல் ஸ்ப்ரே பெயிண்ட் அடிக்கலாம், கட்டணம் கிடையாது. மன்னார்குடிப் பக்கத்தில் வயலோடு வளர்ந்த என் அம்மா முதல் தடவை பார்த்ததும், "என்னடா, காரை நாத்து மாதிரி நட்டு வச்சிருக்கான்!" என்றார். அவர் இங்கே டாலஸில் எங்கள் வீட்டுக்கு வரும் ஒவ்வொரு வருஷமும் போகிறோம். ஏப்ரலில்தான் வருவார், அதனால் ஏப்ரலில்தான் போக முடிகிறது. அந்தப் பகுதியில் வானம் சொல் பேச்சுக் கேட்காத மாதம் அது.

காரணம் தெரிந்தால் திட்டம் போடுவது சுலபம். மெக்சிகோ வளைகுடாக் கடலிலிருந்து ஈரக்காற்று வடக்கே ஏறுகிறது. மேற்கே மேட்டுநிலத்திலிருந்து வறண்ட காற்று வருகிறது. இரண்டும் சந்திக்கும் கோட்டை இங்கே 'டிரைலைன்' என்பார்கள். பிற்பகல் வெயில் ஏறியதும் பெரும்பாலும் அந்தக் கோட்டருகேதான் இடிமேகம் கிளம்பும், பிறகு கிழக்கே நகரும். ஆகவே கோட்டுக்குக் கிழக்கே ஆலங்கட்டி, சூறாவளி பயம். மேற்கே மழை இல்லை, புழுதியும் காட்டுத்தீயும்தான் பயம். 2024 பிப்ரவரி கடைசியில் அமரில்லோவுக்கு வடகிழக்கே பிடித்த தீ பத்து லட்சம் ஏக்கருக்கு மேல் எரித்தது.

அதனால் நான் தேதியை முதலில் முடிவு செய்வேன், திசையைக் கடைசியில். ஓக்லஹோமாவின் நார்மனில் இருக்கும் ஸ்டார்ம் பிரடிக்‌ஷன் சென்டர் எந்தப் பக்கம் இடிமழை, சூறாவளி ஆபத்து என்று தினமும் வரைபடம் வெளியிடுகிறது. ஆபத்து ஒன்று முதல் ஐந்து வரை. மூன்றோ அதற்கு மேலோ போட்டிருக்கும் பக்கம் நான் வண்டியைத் திருப்புவதில்லை. அமரில்லோ சரியில்லையென்றால் ஓக்லஹோமா. ஆர்கேடியாவில் 1898-இல் கட்டிய வட்டக் களஞ்சியம் இருக்கிறது. அதிலிருந்து துல்சா பக்கம் போனால் கட்டூசாவில் குளத்தங்கரையில் 80 அடி நீல திமிங்கலச் சிலை. ஹ்யூ டேவிஸ் என்பவர் திமிங்கல பொம்மைகள் சேர்த்துவந்த தன் மனைவிக்காக, கல்யாண நாள் பரிசாகக் கட்டியது. இரண்டு பக்கமும் மோசமென்றால் வீட்டிலேயே இருங்கள். காரும் திமிங்கலமும் அடுத்த வாரமும் அங்கேதான் இருக்கும்.

டாலஸிலிருந்து அமரில்லோ யு.எஸ். 287 வழியாகச் சுமார் 360 மைல். விடியற்காலை ஐந்துக்குக் கிளம்பினால் மதியத்துக்குள் சேர்ந்துவிடலாம். பிற்பகல் மூன்றுக்குமேல் சாலையில் இருக்கக்கூடாது என்பது எங்கள் வீட்டு விதி. ஒரு வருஷம் பிள்ளைகள் கேட்டார்களே என்று வழியில் இரண்டு மணிநேரம் தாமதித்தோம். சில்ட்ரஸ் தாண்டியதும் எலுமிச்சங்காய் அளவு ஆலங்கட்டி விழுந்து முன்கண்ணாடி முழுக்க விரிசல். அம்மா சின்னவளைத் தன் மடியோடு சேர்த்து மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

இன்னொன்று, இதை மட்டும் மறக்காதீர்கள். எச்சரிக்கை கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) பெயரில்தான் வரும். நீங்கள் எந்தக் கவுண்டியில் இருக்கிறீர்கள் என்றே தெரியாவிட்டால் ரேடியோ சொல்வது காதில் விழுந்தும் பயனில்லை. ஒரு தாளில் வரிசையாக எழுதி டாஷ்போர்டில் ஒட்டுங்கள்: விசிட்டா ஃபால்ஸ் தாண்டி வில்பார்கர், ஹார்டிமன், சில்ட்ரஸ், ஹால், டோன்லி, ஆம்ஸ்ட்ராங், பிறகு அமரில்லோ இருக்கும் பாட்டர், ராண்டல். 'வாட்ச்' என்றால் வரக்கூடும். 'வார்னிங்' என்றால் வந்துவிட்டது, உடனே உறுதியான கட்டடத்துக்குள் போங்கள். டோன்லி கவுண்டியில் 287 ஓரத்து ரெஸ்ட் ஏரியாவைச் சூறாவளிக்கு ஒதுங்கும் இடமாகவும் கட்டியிருக்கிறார்கள். மேம்பாலத்தடியில் ஒதுங்கவே ஒதுங்காதீர்கள். அங்கே காற்று இன்னும் வேகமாகும். 1999 மே 3 சூறாவளியில் ஓக்லஹோமாவில் அப்படி ஒதுங்கியவர்கள் இறந்திருக்கிறார்கள்.

புழுதிக்காற்று வந்து கண் மறைத்தால், சாலையை விட்டு எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி நிறுத்தி எல்லா விளக்கையும் அணையுங்கள், பிரேக்கிலிருந்து காலை எடுங்கள். விளக்கு எரிந்தால் பின்னால் வருபவர் அதையே வழியென்று நினைத்து வந்து மோதுவார். சாலையில் வெள்ளம் ஓடினால் ஆழம் பார்க்க வேண்டாம், திரும்பிவிடுங்கள். ஓரடித் தண்ணீர் சின்னக் காரை மிதக்கவைக்கும்.

துணிமணி எல்லாப் பருவத்துக்கும் வேண்டும். மதியம் 80 டிகிரி ஃபாரன்ஹீட், மறுநாள் விடியலில் 35 என்பது அங்கே சாதாரணம். அம்மாவுக்குக் குரங்குக்குல்லாவும் காதடைக்கப் பஞ்சும். சாப்பாட்டுக்குப் புளிசோறு போதும், கெடாது.

காடிலாக் வயலுக்கு மறுநாள் காலை எட்டுக்குள் போய்விடுங்கள், காற்று ஏறுவதற்குமுன். சர்வீஸ் ரோட்டில் நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். முந்தின நாள் மழை பெய்திருந்தால் கார்களைச் சுற்றிக் குட்டை கட்டி நிற்கும். பழைய ரப்பர் பூட்ஸ் கொண்டுபோங்கள், திரும்பும்போது போட்டுக்கொள்ள வேறு செருப்பும். காற்று முதுகில் படுமாறு நின்று பெயிண்ட் அடியுங்கள், இல்லையென்றால் உங்கள் முகத்துக்குத்தான் வரும். காலி டப்பாவைத் திரும்ப எடுத்துவாருங்கள். அங்கே எறிந்துவிட்டுப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

அங்கிருந்து மேற்கே ஏட்ரியன் என்ற ஊர் ஒரு மணிநேரத்துக்குள். சிகாகோவுக்கு 1139 மைல், லாஸ் ஏஞ்சல்ஸுக்கு 1139 மைல் என்று பழைய ரூட் 66 நெடுஞ்சாலையின் நட்டநடுவில் ஒரு பலகை. போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடலாம்.

சென்ற தடவை அம்மா மூன்றாவது காரின் கதவில் அப்பா பெயரை நீலத்தில் எழுதினார். ஏட்ரியன் போய்விட்டு மதியம் அந்த வழியே வந்தபோது, அதன்மேல் யாரோ மஞ்சள் அடித்திருந்தார்கள். "நிறுத்துடா, டப்பாவுல இன்னும் கொஞ்சம் இருக்கு" என்றார். மேற்கே மேகம் இல்லை, மணி ஒன்றரைதான் ஆகியிருந்தது. நிறுத்தினேன்.