சாவியைத் திருப்பினால் ‘டக்’ மட்டும்

காலையில் வண்டியின் சாவியைத் திருப்பினேன்; ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம், அதோடு சரி. முகப்பு விளக்கு பளிச்சென்று எரிகிறது, ஹாரனும் அலறுகிறது. ஆனால் மறுபடி சாவியைத் திருப்பியதும் விளக்கு மங்கிப்போகிறது. பேட்டரியின் ஆயுள் முடிந்தது என்று புதிது வாங்கவே கிளம்பிவிட்டேன். நல்லவேளை, வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் நினைவுக்கு வந்தது. பேட்டரியில் வைத்துப் பார்த்தால் 12.6 வோல்ட். முழு சார்ஜ்!

அடுத்து மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவ் ஈயக் குமிழிலும், மற்றதை அதைக் கவ்வியிருக்கும் கிளாம்பிலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மனைவியைச் சாவியைத் திருப்பச் சொன்னேன். அரை வோல்ட்கூடக் காட்டக்கூடாத இடத்தில் 4 வோல்ட்! இன்ஜினைச் சுழற்றிக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் போக வேண்டிய வோல்ட் அங்கேயே வீணாகிக்கொண்டிருந்தது.

கழற்றிப் பார்த்தால், கிளாம்பின் உள்வளையம் முழுக்கச் சாம்பல் பூத்திருந்தது. வெளியே ஒரு துளி அழுக்கு இல்லை, அதுதான் எரிச்சல். நெகட்டிவை முதலில் கழற்றியிருந்தேன். இல்லையென்றால் பாசிட்டிவைக் கழற்றும்போது ஸ்பேனர் வண்டியின் பாடியில் பட்டுப் பொறி பறக்கும். சமையல் சோடா கரைத்த வெந்நீர், பழைய பல்துலக்கி, கடைசியில் உப்புத்தாள். ஈயம் வெள்ளிபோல் மின்னும்வரை தேய்த்தேன். மாட்டும்போது பாசிட்டிவ் முதலில்.

முதல் திருப்பிலேயே இன்ஜின் உறுமியது.