நெடுந்தீவுக்குக் குதிரை பார்க்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

யாழ்ப்பாணத்துக்கு அப்பால் கடலில் கிடக்கும் நெடுந்தீவை அரைநாள் வேலை என்று நினைத்துப் போவதுதான் முதல் தவறு. காலைப் படகில் போய் இறங்கி, ஓட்டோவோ பட்டா என்கிற சின்ன லொறியோ பிடித்து, பெருக்கமரம் (பாவோபாப்), ஒல்லாந்தர் கோட்டை, புறாக்கூடு, குதிரை என்று ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம் கொடுத்துவிட்டுப் பின்னேரப் படகுக்கு ஓடி வருகிறார்கள். கோட்டை இருந்த இடத்தில்தான் இருக்கும், எப்போது போனாலும் பார்க்கலாம். குதிரை அப்படியில்லை. தீவின் தெற்குப் பக்கத்து வெட்டவெளியில் அவை மேய்கின்றன. பகல்நேரப் பயணிகள் அங்கே போய்ச் சேர்வது பெரும்பாலும் உச்சி வெயிலில். ஓர் இரவு தங்கினால் விடியற்காலையும் மாலையும் உங்கள் கையில் இருக்கும். தங்குவதற்கு எளிமையான இடங்கள் உண்டு. ஆனால் சாப்பாட்டுக்கு முன்னதாகவே சொல்லி வையுங்கள். போய் நின்றவுடன் கடையில் சோறு கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

அடுத்தது மாதம். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் நல்லூர்த் திருவிழாவை ஒட்டி ஓகஸ்டில் வந்து, அதே கையோடு நெடுந்தீவுக்கும் போகிறார்கள். தீவைப் பார்ப்பதற்கு அதைவிடப் பொருந்தாத மாதம் கிடைப்பது கஷ்டம். தென்மேற்கிலிருந்து வீசும் சோழகக் காற்றில் கடல் எழும்பிக் கிடக்கும். சாதாரணமாக ஒரு மணி நேரம் எடுக்கும் பயணம் வயிற்றைப் புரட்டும். போய் இறங்கினால் புல் காய்ந்து, தரை வெடித்து, குதிரைகள் விலா எலும்பு தெரிய நிற்கும். ஒக்டோபரில் தொடங்கும் மழை ஓய்ந்த பிறகு, தை மாசியில் போய்ப் பாருங்கள். அதே வெளி பச்சையாகக் கிடக்கும், பள்ளங்களில் தண்ணீர் நிற்கும், வலசைப் பறவைகளும் வந்திருக்கும். அந்த மாதங்களில், நெடுந்தீவுப் படகு புறப்படும் குறிகட்டுவானுக்குப் போகும் பஸ்ஸில் தூங்காதீர்கள். வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் நடுவே பாதை ஆழமில்லாத கடலுக்குள்ளால் போகிறது. இரண்டு பக்கமும் கொக்கும் உள்ளானும் மேய்வதைப் பார்க்கலாம், பூநாரைக் கூட்டம் தென்பட்டாலும் ஆச்சரியமில்லை. குறிகட்டுவான் இறங்குதுறையில் இன்னொன்றைக் கவனியுங்கள். நயினாதீவுக்குப் படகேறுவதும் அங்கேதான். கூட்டம் போகிற பக்கம் போய் ஏறினால் அம்மன் கோவிலில் இறங்குவீர்கள்!

குதிரைகளிடம் நடந்துகொள்ளும் விதத்தில்தான் பெரிய பிழை நடக்கிறது. இவை போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தில் கொண்டுவரப்பட்ட குதிரைகளின் வழிவந்தவை. ஆங்கிலேயர் காலத்திலும் இங்கே குதிரை வளர்த்தார்கள். பிறகு கவனிப்பாரில்லாமல் கட்டாக்காலியாகிவிட்டன. உருவம் சிறியது என்பதால் பழகிய மிருகம் போலத் தெரியும். பிஸ்கட் பாக்கெட்டை நீட்டிக்கொண்டு கிட்டப் போகிறார்கள். குதிரைக்கு வாந்தி எடுக்க முடியாது. பாணோ பிஸ்கட்டோ வயிற்றுக்குள் போய்க் கட்டிக்கொண்டால் வெளியே தள்ள அதற்கு வழியில்லை, சூலை வந்து செத்தும் போகலாம்.

உணவு கொடுக்காவிட்டாலும், கிட்டப் போவதே கெடுதல்தான். கூட்டத்தைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். நீங்கள் நெருங்கினால் முதலில் ஒன்றிரண்டு மேய்ச்சலை விட்டுத் தலையைத் தூக்கும். பிறகு ஆண்குதிரை உங்களுக்கும் குட்டிக்கும் நடுவில் வந்து நிற்கும். அதன் காது இரண்டும் பின்னால் படிந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள், இன்னும் இரண்டு அடி வைத்தால் உதை விழலாம். உதைக்காமல் விலகிப் போனால் உங்களுக்கு நல்லது, குதிரைக்கு நல்லதில்லை. கோடையில் அந்தக் கூட்டம் நிற்பது பெரும்பாலும் மிச்சமிருக்கும் தண்ணீர்ப் பள்ளத்தை ஒட்டித்தான். ஒரு செல்ஃபிக்காக அதை அங்கிருந்து கலைத்தால், தண்ணீர் குடிக்க வந்த மிருகத்தைத் தாகத்தோடு வெயிலில் ஓட வைத்ததாகும். வறட்சியில் குதிரைகள் செத்து விழுந்த செய்தி இந்தத் தீவுக்குப் புதிதில்லை. ஒரு பைனாகுலர் கொண்டுபோய், தள்ளி உட்கார்ந்து பாருங்கள். வாகனக்காரர் கூட்டத்துக்குக் கிட்டக் கொண்டுபோய் நிறுத்தப் பார்த்தால், வேண்டாம் அண்ணை, தூரத்திலேயே நிற்பாட்டுங்கோ என்று சொல்லிவிடலாம். கேட்பார்கள்.

மனிதர்களுக்கும் தண்ணீர் அருமைதான். தீவில் ஆறு கிடையாது. மழைநீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உப்புநீருக்கு மேல் ஒரு மெல்லிய படையாக நிற்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் கிணறு உவராகிவிடும். தங்கும் இடத்தில் வாளிக்கணக்கில் அள்ளி ஊற்றிக் குளிக்காதீர்கள். குடிநீரைக் கையோடு கொண்டுபோங்கள், வெறும் போத்தலைத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

வேலிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பவளக் கல்லை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கித்தான் இங்கே காணிக்கு மதில் கட்டுகிறார்கள். சாந்து கிடையாது. படம் எடுக்க மேலே ஏறினால் சரிந்துவிடும், திரும்ப அடுக்கும் வேலை வீட்டுக்காரருக்கு. கல் இடுக்கில் பாம்பும் இருக்கலாம். நினைவுக்கு என்று ஒரு துண்டைப் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். கடலில் இருந்து பவளம் எடுப்பது சட்டப்படியே குற்றம். பெருக்கமரத்தின் பட்டையில் பெயர் கீறுகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

ட்ரோனை அனுமதி வாங்காமல் பறக்கவிடக் கூடாது. தீவின் ஒரு பகுதி 2015இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கடைசியாக, படகு. உங்களுக்கு அது சுற்றுலாப் படகு, தீவுக்காரருக்கு அதுதான் பஸ். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர், கடைக்குச் சாமான் ஏற்றுகிறவர் எல்லாரும் அதையே நம்பி இருக்கிறார்கள். நீண்ட விடுமுறை நாட்களில் வெளியூர்க் கூட்டம் முதலில் ஏறிவிட்டால் ஊர்ச்சனம் துறையில் நிற்க வேண்டிவரும். சனி ஞாயிறு தவிர்த்து ஒரு கிழமை நாளில் போங்கள். போய் இறங்கியவுடன் துறையிலேயே திரும்பும் படகின் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள், காற்றுக் கடுமையானால் அந்த நேரமும் மாறும்.